கதிர் வந்த வழி

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரைத் தாண்டி வடக்கே போனால் பெரியநாயக்கன்பாளையம். மேற்கில் குருடிமலையும் பாலமலையும். இந்த ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் நூல் நூற்பவர்கள் இல்லை. நூல் நூற்கும் இயந்திரத்தைச் செய்பவர்கள். அவர்கள் செய்யும் ரிங் ஃபிரேம்கள் இந்தியா முழுக்க ஓடுகின்றன, கப்பலேறி வங்கதேசம், துருக்கி என்று வெளியேயும் போகின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த இயந்திரத்தைக் கொங்கு நாட்டில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. அது எங்கே பிறந்தது, யார் இங்கே கொண்டுவந்தார், வந்த பிறகு யாருடைய உழைப்பில் வாழ்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ரிங் ஃபிரேமைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதன் உள்ளே போகலாம். நீளமான இரும்புச் சட்டம். இரு பக்கமும் வரிசையாகக் கதிர்கள். மேலே தொங்கும் மெத்தென்ற பஞ்சுத் திரி உருளைகளுக்கு நடுவே இழுபட்டு, மெலிந்து, கீழே இறங்குகிறது. கீழே கதிர் சுழல்கிறது. கதிரைச் சுற்றி ஒரு எஃகு வளையம். வளையத்தின் விளிம்பைக் கவ்விக்கொண்டு, ஒரு பக்கம் வாய் திறந்த ஒரு பொடிக் கம்பி. அதற்குப் பெயர் டிராவலர். நாற்பதாம் நம்பர் நூலுக்குப் போடும் டிராவலர்கள் இருபத்தைந்து, முப்பது சேர்ந்தால்தான் ஒரு கிராம் தேறும். இழை அந்தக் கம்பிக்குள் நுழைந்து, கதிரில் மாட்டிய பாபினுக்குப் போகிறது. கதிர் சுழன்றால் இழை டிராவலரை இழுத்துக்கொண்டு வளையத்தைச் சுற்றி ஓடும். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு இழையில் ஏறும். உராய்வினால் டிராவலர் கதிரைவிடக் கொஞ்சம் பின்தங்கும். எவ்வளவு பின்தங்குகிறதோ அவ்வளவு நூல் பாபினில் சுற்றிக்கொள்ளும். முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகின்றன.

நாற்பது மில்லிமீட்டர் வளையத்தில் கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடிக் கம்பியின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அதற்கு எண்ணெய் விடுவதில்லை. பஞ்சிலிருந்து உதிரும் இழைத்தூளும் அதன் மெழுகும்தான் மசகு. சூடேறித் தேய்ந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள். ரிங் ஃபிரேம் இன்னும் வேகமாக ஓடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கம்பி தாங்கும் சூடுதான். உலகத்தின் பருத்தி நூலில் பெரும்பங்கு இன்றைக்கும் இதன் வழியாகத்தான் வருகிறது.

இதை யோசித்தவர் அமெரிக்கர். ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஜான் தார்ப் 1828ல் வளைய நூற்புக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே அடிசன், ஸ்டீவன்ஸ் என்ற இருவர் டிராவலரைச் சேர்த்தார்கள். அமெரிக்க மில்கள் அதை எடுத்துக்கொண்டன. உலகத்துக்கே நூல் விற்ற லங்காஷயர் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே சாமுவேல் கிராம்ப்டன் 1779ல் உருவாக்கிய மியூல் கோலோச்சிக்கொண்டிருந்தது. மியூலில் கதிர்கள் ஏற்றிய வண்டி முன்னால் நகர்ந்து இழையை இழுத்து முறுக்கும். பிறகு திரும்பி வந்து சுற்றும். இரண்டு வேலை, இரண்டு அசைவு. அதனால் மெதுவானது, ஆனால் மிக மெல்லிய நூலை அருமையாக நூற்கும். அதை ஓட்டத் தேர்ந்த ஆண் தொழிலாளி வேண்டும். லங்காஷயரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்தார்கள், அவர்களுக்கு வலுவான சங்கமும் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலும் அங்கே ஓடிய கதிர்களில் பெரும்பான்மை மியூல் கதிர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன்னுடைய நூற்பு இயந்திரங்கள் வெளிநாடு போகாமல் பிரிட்டன் சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. அந்தத் தடை 1843ல்தான் நீங்கியது. நீங்கிய பிறகு ஓல்டாமின் பிளாட் சகோதரர்கள், ஆக்ரிங்டனின் ஹோவர்ட் அண்ட் புல்லோ, போல்டனின் டாப்ஸன் அண்ட் பார்லோ போன்ற நிறுவனங்கள் உலகமெங்கும் இயந்திரம் விற்றன. தங்கள் ஊர் மில் முதலாளிகள் விரும்பாத ரிங் ஃபிரேமை வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்துகொடுத்தார்கள். ஜப்பான் 1880களின் கடைசியில் ஏறக்குறைய முழுவதுமாக ரிங்கிற்கு மாறியது. இந்தியாவில் முந்திக்கொண்டவர் ஜாம்ஷெட்ஜி டாடா. 1877 ஜனவரி முதல் நாள் நாக்பூரில் தொடங்கிய எம்ப்ரஸ் மில்லில், அடுத்த சில ஆண்டுகளிலேயே ரிங் ஃபிரேமைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். மியூலுக்கு வேண்டிய அளவு கைதேர்ந்தவர்கள் நம் நாட்டில் அப்போது இல்லை. ரிங்கை ஓட்ட அந்தத் தேர்ச்சி வேண்டியதில்லை. அறுந்த இழையைச் சட்டென்று ஒட்டத் தெரிந்த விரல்கள் போதும். அந்த விரல்கள் யாருடையவை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கோயம்புத்தூருக்கு இயந்திர நூற்பைக் கொண்டுவந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1841ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினேழு வயதில், 1858ல், காபித் தொழிலில் இருந்த குடும்பத்தாரோடு சேர்ந்துகொள்ள இங்கே வந்தார். அப்போது கோவைக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து பேப்பூர் போகும் பாதை போத்தனூர் வழியாக முழுமையடைந்தது 1862ல். நகராட்சியும் கிடையாது, அது வந்தது 1866ல், அதன் முதல் தலைவர் ஸ்டேன்ஸே. வாலிபர் வந்து இறங்கியது நொய்யல் கரையிலே சில ஆயிரம் வீடுகள் கொண்ட ஊரில்.

நீலகிரியில் விளைந்த காபிக்கொட்டை மேட்டுப்பாளையம் வழியாகத்தான் கீழே இறங்கும். மலையின் ஈரக்காற்றில் காபி சரியாகக் காயாது. சமவெளியின் வெயில் வேண்டும். கோவையில் உலர்த்தி, தோல் நீக்கி, தரம் பிரித்துக் கப்பலுக்கு அனுப்பும் காபி பதனிடும் தொழிலில் 1861ல் ஸ்டேன்ஸ் நிறுவனம் இறங்கியது. அடுத்த ஆண்டு, 1862ல், ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அவினாசி சாலையில் ஸ்டேன்ஸ் பள்ளி இன்றும் நடக்கிறது. பள்ளி தொடங்கும்போது அவருக்கு வயது இருபத்தொன்று. வந்த ஊரில் தங்கிவிடப் போகிறவர் செய்கிற காரியமாகவே எனக்கு அது படுகிறது. அந்தக் காலத்து வெள்ளைக்கார வியாபாரிகளில் பலர் பணம் சேர்ந்ததும் ஊர் திரும்பினார்கள். ஸ்டேன்ஸ் தன் நீண்ட வாழ்வின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். 1920ல் சர் பட்டம் கிடைத்தது. தொண்ணூறு வயதைக் கடந்து 1936ல் இறந்தார்.

காபிக்காரர் ஏன் பஞ்சுக்குப் போனார்? 1869ல் இலங்கையில் தலைகாட்டிய காபி இலைத்துரு நோய் அங்கிருந்த தோட்டங்களை அழித்து, தென்னிந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. ஒரே பயிரை நம்பியிருக்க முடியாத காலம் அது. கோவையைச் சுற்றிப் பார்த்தாலோ கரிசல் காட்டில் உப்பம், கருங்கண்ணி என்று பருத்தி வெடித்துக் கிடந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று இழை அறாமல் நூற்பதற்கு ஏற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, நூலை வாங்கப் பக்கத்திலேயே ஆள் இருந்தார்கள். கொங்கு நாட்டுத் தறிக்காரர்கள் அதற்குள் கைராட்டை நூலை விட்டுச் சீமை நூலுக்கும் பம்பாய் நூலுக்கும் மாறிக்கொண்டிருந்தார்கள். பஞ்சு இங்கே விளைந்து, கப்பலேறி, நூலாகத் திரும்பி வந்து, இங்கேயே தறியில் ஏறிய அந்த நெடும்பயணத்தைச் சுருக்கினால் லாபம் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கியிருக்கும். கணக்கைப் போட்டு முதலை இறக்கியவர் ஸ்டேன்ஸ். 1888ல் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்ஸ் உருவானது. ஊர் அதை ஸ்டேன்ஸ் மில் என்றே அழைத்தது.

அக்காலத்தில் இந்திய மில்லுக்கு இயந்திரம் என்றால் லங்காஷயர்தான். மரப்பெட்டிகளில் பகுதி பகுதியாகக் கழற்றி அடுக்கி, லிவர்பூலில் கப்பலேற்றி, 1869ல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாகக் கொண்டுவருவார்கள். துறைமுகத்திலிருந்து ரயில், ரயிலடியிலிருந்து மாட்டு வண்டி. மாட்டித் தருவதற்கு இயந்திரக் கம்பெனியின் ஃபிட்டர் கூடவே வருவார். நீராவி எஞ்சின் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். கட்டடம் முழுக்க ஓடும் அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட் இறங்கும். எஞ்சின் நின்றால் மில்லே நின்றுவிடும்.

மில் நூற்ற நூல் எங்கே போனது? சிட்டம் சிட்டமாகக் கட்டித் தறிக்காரர் வீட்டுக்குப் போனது. ஒரு சிட்டம் 840 கஜம். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடையில் நாற்பது சிட்டம். நீட்டிப் பிடித்தால் முப்பது கிலோமீட்டருக்கு மேல். கோவை ரயிலடியில் ஒரு நுனியைக் கட்டினால் மறுநுனி காரமடையைத் தாண்டிவிடும். கைராட்டையில் அவ்வளவு நூலை நூற்க ஒரு பெண்ணுக்குப் பல நாட்கள் ஆகும். ஆகவே மில் வந்ததும் வீட்டுத் திண்ணையில் ராட்டை சுற்றிய பெண்களின் கூலி போயிற்று. அதே மில் நூல்தான் கைத்தறியை உயிரோடு வைத்தது. நெசவாளர் தப்பினார், நூற்பவள் தப்பவில்லை. தொழில்துறை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இப்போது அந்த விரல்களுக்கு வருகிறேன். ரிங் ஃபிரேமில் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஃபிரேமின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்பவருக்குச் சைடர் என்று பெயர். ஷிப்ட் முழுக்க இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து, அறுந்த இடத்தில் கதிரை நிறுத்தி, நூல் நுனியை எடுத்து, டிராவலரில் கோத்து, மேலிருந்து இறங்கும் இழையோடு ஒட்ட வேண்டும். பாபின் நிறைந்ததும் கழற்றிக் காலி பாபினை மாட்டுவது டாஃபரின் வேலை. குட்டையான உயரமும் சின்ன விரல்களும் அந்த வேலைக்கு வசதி என்று உலகெங்கும் முதலாளிகள் கண்டுகொண்டார்கள். அதனால் சிறுவர்களைச் சேர்த்தார்கள். ஸ்டேன்ஸ் மில்லின் தொடக்க ஆண்டுகளில், 1891ல், திருத்தப்பட்ட இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக் குழந்தையை ஆலையில் வேலைக்கு வைக்க அனுமதித்தது. பதினான்கு வயதுக்குள் இருந்தால் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். பெண்களுக்குப் பதினொரு மணி நேரம். இதுவே சீர்திருத்தம் என்று கருதப்பட்ட காலம் அது. பள்ளிக்கூடம் கட்டிய ஸ்டேன்ஸை மதிக்கிறேன். அவர் காலத்தின் சட்டம் ஏழைப் பிள்ளைகளை எங்கே அனுப்பியது என்பதையும் அதே பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

ஸ்டேன்ஸ் மில்லுக்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கோவையில் வேறு மில் எழவில்லை. பிறகு பி. சோமசுந்தரம் செட்டியார் காளீஸ்வரா மில்லைத் தொடங்கினார். 1910ல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்ஸைத் தொடங்கினார். அவர் பருத்தி விளையும் காட்டிலிருந்தும் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஃபேக்டரியிலிருந்தும் மேலே வந்தவர். கொங்கு நாட்டு மில் முதலாளிகளில் பலருக்கு இதுதான் பாதை: காடு, கிணறு, பருத்தி, ஜின்னிங், பிறகு மில். 1922ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தாரின் ரங்கவிலாஸ் மில் வந்தது. 1932ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலிவான மின்சாரம் கோவைக்கு இறங்கியதும் மில் மில்லாக எழுந்தன. நீராவி எஞ்சினும் விறகும் நிலக்கரியும் தேவையில்லை என்றான பிறகு, மில் தொடங்க வேண்டிய முதல் குறைந்துவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் மில் சங்கு ஊதியது. சமையலும் பால் கறப்பதும் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதும் அந்தச் சங்கின் கணக்குக்கு வந்தன.

அந்த வளர்ச்சிக்குக் கொடுத்த விலையும் உண்டு. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான சின்னியம்பாளையத்தின் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வர் தொழிலாளர் போராட்டக் காலத்து வழக்கு ஒன்றில் 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். எட்டு மணி நேர வேலை, போனஸ், பிரசவ விடுப்பு என்று இன்று சாதாரணமாகப் பேசும் எதுவும் கோவையில் சும்மா வந்துவிடவில்லை.

இயந்திரத்தின் கதைக்குத் திரும்புகிறேன். மில்கள் பெருகிய பிறகும் ஒரு பலவீனம் மாறவில்லை. ஃபிரேம் லங்காஷயரில் இருந்து வரும். கதிர் தேய்ந்தால், வளையம் கீறினால், கியர் பல் உடைந்தால், மாற்றுச் சாமானும் அங்கிருந்துதான் வர வேண்டும். போர்க் காலத்தில் கப்பல் நின்றது, சாமானும் நின்றது. அப்போது கைகொடுத்தவை கோவையின் பட்டறைகள். ஜின்னிங் இயந்திரங்களையும் கிணற்றடி எண்ணெய் எஞ்சின்களையும் பழுது பார்த்துப் பழகிய லேத்துக்காரர்கள், உடைந்த சாமானை முன்னால் வைத்துக்கொண்டு, அளவெடுத்து, மணல் அச்சில் வார்த்து, கடைந்து கொடுத்தார்கள். 1926ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை தொடங்கிய தொழிற்பயிற்சிக் கூடம் இத்தகைய கைகளைப் பழக்கியது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டாரை உள்ளூரிலேயே செய்து காட்டினார்கள். அதே பாலசுந்தரம் நாயுடு கணபதியில் நிறுவிய டெக்ஸ்டூல், ரிங் ஃபிரேமையே செய்தது. இறக்குமதி செய்த நாளிலிருந்து இயந்திரம் நமக்குச் சொந்தம் என்று முதலாளியின் கணக்குப் புத்தகம் சொல்லும். பழுதானால் நாமே சரிசெய்ய முடிகிற நாளில்தான் அது உண்மையில் சொந்தமாகிறது. கோவையின் பெருமை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்த லேத்துப் பட்டறைகளைத்தான் காட்டுவேன்.

பெரியநாயக்கன்பாளையத்தின் முறை இன்னும் வரவில்லை. அந்த ஊர் அதற்கு முன்பே வேறொரு வகையில் நூற்போடு சம்பந்தப்பட்டது. 1930ல் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைகொள்ள, 1934ல் அடிக்கல் நாட்டியவர் காந்தி. ஹரிஜன யாத்திரையாக அவர் தமிழகம் வந்த நேரம் அது. மில் நூலை எதிர்த்து ராட்டையைக் கையிலெடுத்தவரின் கை பட்ட ஊரில் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து மில் இயந்திரத் தொழிற்சாலை வந்ததைச் சிலர் முரண்பாடாகப் பார்க்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காந்தி கேட்டது, வேலையும் கருவியும் ஊர்க்காரன் கையில் இருக்க வேண்டும் என்பது. திருநெல்வேலி மாவட்டத்துப் பாப்பான்குளத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கி, 1950களில் கதர் இயக்கம் நாடெங்கும் பரப்பிய அம்பர் சர்க்காவைக் கழற்றிப் பாருங்கள். இழையை மெலிதாக்க உருளைகள், கதிரைச் சுற்றி வளையம், வளையத்தில் டிராவலர். ரோட் ஐலண்டில் பிறந்த யோசனை சுற்றிச் சுற்றிக் கதர் ராட்டைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

1962ல் லட்சுமி மில்ஸ் குடும்பத்தின் ஜி.கே. தேவராஜுலு பெரியநாயக்கன்பாளையத்தில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸைத் தொடங்கினார். குப்புசாமி நாயுடுவின் மகன். இயந்திரம் வாங்கி மில் நடத்தியவரின் பிள்ளை, இயந்திரமே செய்யத் துணிந்தார். அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு திண்டாடிய காலம்; ஒரு ஃபிரேம் இறக்குமதி செய்வதென்றால் அரசிடம் அனுமதி கேட்டு நடக்க வேண்டும். தொழில்நுட்பம் தரச் சம்மதித்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து ரீட்டர் நிறுவனம்.

ரீட்டரின் கதையும் நம் கதைக்கு நெருக்கமானது. யோஹான் ஜேக்கப் ரீட்டர் 1795ல் பருத்தியும் வாசனைப் பொருளும் விற்கும் கடையாகத்தான் அதைத் தொடங்கினார். பருத்தி விற்றவர்கள் நூற்கத் தொடங்கினார்கள். பிறகு நூற்கும் இயந்திரத்தைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். பிரிட்டன் இயந்திரங்களை வெளியே விடாமல் பூட்டி வைத்திருந்த காலத்தில், சுவிஸ்காரர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. பருத்தி, நூல், இயந்திரம் என்று வின்டர்தூர் ஏறிய அதே மூன்று படிகளைக் கோவை நூற்று முப்பது ஆண்டுகள் தாமதமாக ஏறியது. சுவிஸ் வரைபடங்களும் கோவை ஃபவுண்டரிக்காரர்களும் பெரியநாயக்கன்பாளையத்தில் சந்தித்தார்கள். வரைபடம் இருந்தால் போதாது. சிறு பிசகு இருந்தாலும் கதிர் அதிரும், அதிர்ந்தால் இழை அறும். பட்டறையில் கண்ணளவாகவும் கையளவாகவும் பழகியவர்கள் மைக்ரான் கணக்குக்கு மாற வேண்டியிருந்தது. மாறினார்கள். ரீட்டரின் வடிவமைப்பில் இங்கே செய்த எல்ஜி 5/1 ரிங் ஃபிரேம் நாட்டின் மில்களில் பரவியது. தமிழ்நாட்டு மில்லில் வேலை பார்த்த ஒரு தலைமுறைக்கு அந்த எண் மனப்பாடம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பஞ்சைப் பிரிக்கும் ப்ளோரூம் முதல் கார்டிங், டிரா ஃபிரேம், சிம்ப்ளெக்ஸ், ரிங் ஃபிரேம் வரை நூற்பாலைக்கு வேண்டிய இயந்திர வரிசை முழுவதையும் ஒரே கூரையின்கீழ் தரக்கூடிய நிறுவனங்கள் உலகில் சிலவே. அவற்றில் ஒன்றாகப் பெரியநாயக்கன்பாளையம் நிறுவனம் வளர்ந்தது. கணியூரிலும் அரசூரிலும் கிளைத்தது. சீனாவின் சூஜோவில் தொழிற்சாலை வைத்தது. ஒரு காலத்தில் பன்னிரண்டாயிரம் பேர் வேலை செய்த, உலகின் மிகப் பெரிய ஜவுளி இயந்திர நிறுவனமான ஓல்டாமின் பிளாட், 1980களில் மறைந்தேபோனது.

இயந்திரம் நம்முடையதாகிவிட்டதால் அதை ஓட்டியவர்களின் நிலை தானாகச் சரியாகிவிடவில்லை. 1990களுக்குப் பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து மில்களில் தென்மாவட்டங்களின் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து, விடுதியில் அடைத்து, மூன்றாண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லி வேலை வாங்கினார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மூன்றாண்டு முடியும் முன் உடல்நலம் கெட்டுத் திரும்பியவர்களும், சேர வேண்டிய பணம் சேராதவர்களும் உண்டு. 1891ல் சட்டம் எந்த விரல்களைத் தேடியதோ அதே விரல்களைத்தான் இதுவும் தேடியது. இப்போது பாபின் கழற்றும் வேலையை ஆட்டோ டாஃபர் செய்கிறது; விடுதிகளில் வட மாநிலத்துப் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். கதிரின் வேகம் கூடியிருக்கிறது. அறுந்த இழையை ஒட்டப் பெரும்பாலான மில்களில் இன்னமும் ஒரு ஆள்தான் நடக்கிறார்.

ஸ்டேன்ஸ் மில் என்ன ஆயிற்று? நலிந்த மில்களை நாட்டுடைமையாக்கிய 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது தேசிய பஞ்சாலைக் கழகத்துக்குப் போனது. காளீஸ்வரா, சோமசுந்தரா, பங்கஜா, ரங்கவிலாஸ் மில்களும் கூடவே போயின. 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் கழகத்தின் மில்கள் நின்றன. அவற்றில் வேலை செய்தவர்கள் சம்பளத்துக்கும் நிலுவைக்கும் போராட வேண்டியிருந்தது.

கோவையின் ஆவணங்களில் முதலாளிகளின் பெயர் இருக்கிறது, மில் தொடங்கிய ஆண்டு இருக்கிறது. ஸ்டேன்ஸின் பெயரில் பள்ளியும் இருக்கிறது, அது நியாயமே. ஃபிரேமின் இரு முனைக்கும் நடுவே முப்பது ஆண்டு நடந்த சைடர்களின் பெயர் எங்கும் இல்லை. கீறிய வளையத்தைக் கையில் வைத்துப் பார்த்து அதே போல இன்னொன்றைக் கடைந்து கொடுத்த டர்னர்களின் பெயரும் இல்லை. இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் மில்லுக்கோ, பட்டறைக்கோ, பெரியநாயக்கன்பாளையம் தொழிற்சாலைக்கோ போய்வந்த ஒருவர் இருப்பார். அவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த மில், எந்த டிபார்ட்மென்ட், எந்த ஷிப்ட், எத்தனை கதிர் பார்த்தார், முதல் சம்பளம் எவ்வளவு, யாரிடம் வேலை கற்றார் என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.